பேட்டரிக்கும் கிளாம்புக்கும் நடுவில்

அண்ணி சாவியைத் திருப்பியதும் வந்த அந்த ‘டக்’ சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. எஞ்சின் உறுமவில்லை, இருமக்கூட இல்லை. ஒரு டக், அப்புறம் அமைதி. லாபு ஊருக்குப் பக்கத்து எஸ்டேட்டில், தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லைன் வீட்டு வாசலில் நின்றது கார். பின் இருக்கையில் அண்ணன் தலையணையில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. சிரம்பானில் ரத்தம் சுத்திகரிக்கும் நிலையத்தில் காலை வேளையில் அவருக்கு ஒரு நாற்காலி. நேரத்துக்குப் போகாவிட்டால் அதை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். முந்தின நாளே அவர் கால் வீங்கி, மூச்சு இரைக்க ஆரம்பித்திருந்தது.

நான் இரண்டாம் படிவத்தோடு, பதினாலு வயதில், பள்ளிக்கூடத்தை விட்டவள். படிப்பு பாதியில் நின்றது, பயம் மட்டும் நிற்காமல் வளர்ந்தது. அண்ணனைக் கூட்டிப் போகிற நாட்களில் முதல் நாள் மத்தியானமே எனக்குக் கவலை தொடங்கிவிடும். டயர் பஞ்சர் ஆகுமோ, மழை கொட்டுமோ, ரோட்டில் மரம் விழுமோ என்று ஒவ்வொன்றாக வரும். அன்று நான் நினைக்காத ஒன்று நடந்தது. பேட்டரி புதுசு. அதனால் அதைப் பற்றி மட்டும்தான் கவலைப்படாமல் இருந்தேன்.

அண்ணி கையைச் சாவியிலிருந்து எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

“பாப்பா, அழுவாத லா. கார் செத்துப் போவல. பேச மாட்டேங்குது, அவ்வளவுதான். என்னா கோவம்னு கேப்போம், இரு.”

அண்ணி செனவாங்கில் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரி ஒன்றில் பல வருஷம் சோதனைப் பிரிவில் வேலை செய்தவர். அங்கே ஒரு சர்க்யூட் பலகை வேலை செய்யவில்லை என்றால் சூப்பர்வைசர் முதலில் கேட்பது ‘யார் செய்தது?’ என்றுதானாம். அண்ணி கேட்பது ‘எங்கே?’ என்று. இதை அவர் பெருமையாகச் சொன்னதில்லை. அந்தச் சூப்பர்வைசரைப் போல நடந்து காட்டி எங்களைச் சிரிக்க வைக்கத்தான் சொல்வார். ஆனால் அவருடைய குணம் முழுவதும் அந்த ஒரு கேள்வியில் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

வாகனம் வைத்திருந்தவர்களெல்லாம் நீலாய்க்கு வேலைக்குப் போய்விட்டார்கள். மிச்சமிருந்தது தோட்டத்துக் கங்காணியாக இருந்து ஓய்வு பெற்ற மண்டோர் மாமாவும் அவருடைய பழைய வேனும்தான். வேனிலும் இருக்கைகளைக் கழற்றிவிட்டு வாழைத்தார் ஏற்றியிருந்தார், பாசாரில் விற்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். கூப்பிட்டதும் வந்தார். வந்தவர் பானட்டுக்குள் எட்டிப் பார்க்காமலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

“பேட்டரி கொங் லா. வேற என்னா? மாத்து.”

“மாத்தி மாசங்கூட ஆவல மாமா.”

“அப்ப கடக்காரன் ஏமாத்திட்டான்!”

கொங் என்றால் எங்கள் பக்கத்தில் தீர்ந்துபோனது, உயிர் போனது. அந்த வார்த்தையைப் பேட்டரிக்குச் சொன்னாலும் அண்ணன் காதில் விழுகிறதே என்று எனக்குப் பதைத்தது. அண்ணி அதற்குள் மாமாவின் வேனிலிருந்து எங்கள் காருக்கு ஜம்பர் கேபிளை மாட்டச் சொல்லிவிட்டார். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

“ஓடுது அண்ணி! அப்படியே போயிடலாம்!” என்று நான் கிட்டத்தட்ட கத்தினேன்.

அண்ணி கேபிளைக் கழற்றினார், ஆனால் கிளம்பவில்லை. தன் பையிலிருந்து வோல்ட் அளக்கிற சின்ன மீட்டரை எடுத்தார். ஓடுகிற எஞ்சினோடு, ஒயர் முடிகிற கிளாம்பில் ஊசியை வைத்துப் பார்த்தார். பதினாலு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. அதே ஊசியைக் கிளாம்புக்குள்ளே தெரியும் பேட்டரியின் ஈய முனையில் வைத்தார். பன்னிரண்டுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான்.

“இந்தா பாத்தியா. கரண்டு அனுப்புற டைனமோ நல்லாத்தான் இருக்கு. வாங்கிக்கிற பேட்டரியும் நல்லாத்தான் இருக்கு. நடுவுலதான் என்னமோ ஒக்காந்துருக்கு.”

“மாமா, இவங்க பேட்டரிக்கு ஸ்கேன் எடுக்கறாங்க,” என்றேன் நான், பதற்றத்தில் என்ன பேசுகிறேன் என்று தெரியாமல். மாமா சிரித்தார். அண்ணி சிரித்துக்கொண்டே எஞ்சினை நிறுத்திவிட்டார்.

எனக்கு உயிரே போய்விட்டது. ஓடிக்கொண்டிருந்த காரை யாராவது நிறுத்துவார்களா? அண்ணி என் தோளில் கை வைத்துச் சொன்னார். “போறது பெரிசில்ல பாப்பா. திரும்பி வர்றப்ப அவரு துணி மாதிரி இருப்பாரு. அங்க ஸ்டார்ட் ஆவலன்னா வெயில்ல வச்சிக்கிட்டு என்னா பண்ணுவோம்?” நான் போவதை மட்டும் நினைத்துப் பயந்தேன். அவர் திரும்புவதையும் நினைத்திருந்தார், பயப்படாமல்.

ஸ்பானரால் மைனஸ் பக்கத்துக் கிளாம்பை முதலில் கழற்றினார், பிறகு பிளஸ். உள்ளே பார்த்ததும் அவர் கை அப்படியே நின்றது. ஈய முனையைச் சுற்றி மஞ்சளாக ஒரு பூச்சு, காய்ந்து ஓடு மாதிரி ஒட்டியிருந்தது. அதில் ஓர் இடத்தில் சிவப்பு.

சந்தனமும் குங்குமமும்.

எங்கள் வீட்டில் எந்தப் புதுப் பொருள் வந்தாலும் பொட்டு வைக்காமல் தொட மாட்டோம். அண்ணன் எஸ்டேட்டில் எண்ணெய்ப் பனம்பழ லோரி ஓட்டியவர், வண்டியென்றால் அவருக்குச் சாமி. நோய் வந்தபிறகு ஓட்ட முடியாமல் போயிற்று. ஆனால் அந்தப் பேட்டரியை மட்டும் யாரையும் தொட விடாமல், மூச்சு வாங்க வாங்க, தானே மாட்டினார். மாட்டுவதற்கு முன்னால் கரண்டு இருக்கிற இடம் என்று இரண்டு முனையிலும் குளிரக் குளிரப் பூசி, அதன் மேலேயே கிளாம்பை இறுக்கியிருக்கிறார். ஈரமாக இருந்தவரை ஏதோ ஓடியது. காய்ந்ததும் அதுவே சுவராகிவிட்டது.

மண்டோர் மாமா எட்டிப் பார்த்து வாயைத் திறந்தார். “அட, எவன்டா இதுல சந்தன—”

“துரு மாமா! துரு புடிச்சிருக்கு!” என்று அண்ணி ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார். சொல்லிக்கொண்டே மாமாவை ஒரு பார்வை பார்த்தார். நாற்பது பேரை வேலை வாங்கிய மண்டோர், வாயை மூடிக்கொண்டார். திறந்திருந்த பானட் அண்ணனை எங்களிடமிருந்து மறைத்திருந்தது.

பிளாஸ்கில் இருந்த சுடுதண்ணீரை ஊற்றி, பழைய கத்தியால் சுரண்டி, முனையும் கிளாம்பின் உள்பக்கமும் ஈயம் பளிச்சென்று தெரிகிற வரைக்கும் துடைத்தார் அண்ணி. பிளஸ்ஸை மாட்டி, கடைசியில் மைனஸை இறுக்கினார். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது. மீட்டரில் கிளாம்பும் முனையும் ஒரே கணக்கைச் சொல்லின. பிறகு அவர் செய்ததுதான் எனக்கு மறக்கவில்லை. வீட்டுக்குள் ஓடிப்போய்ச் சாமி மாடத்திலிருந்து சந்தனம் எடுத்து வந்து, பேட்டரியின் கறுப்புப் பெட்டி மேல், ஓரமாக, அழகாக ஒரு பொட்டு வைத்தார்.

“கோளாறு எங்கன்னு தெரிஞ்சா போதும் பாப்பா, யாருன்னு எதுக்கு?” என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். அப்புறம் சத்தமாக, “என்னங்க, சாமிக்கு வச்சாச்சு, போலாமா?”

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அண்ணனின் நாற்காலி இருந்தது. ஊசி குத்தி, குழாயில் ரத்தம் ஓட ஆரம்பித்தபிறகு, அண்ணி தண்ணீர் வாங்க வெளியே போன சமயம் பார்த்து அண்ணன் என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

“சுடுதண்ணி ஊத்துனப்ப காருக்குள்ள வாசம் வந்துச்சு, பாப்பா. துரு அவ்வளவு வாசமாவா இருக்கும்?”

அவர் சிரித்தார். “அவ சொல்லமாட்டா. எனக்குத் தெரியும்னு நீயும் சொல்லாத. பாவம், அவ்வளவு கஷ்டப்பட்டு மறைச்சிருக்கா.”

அதன்பிறகு அந்தக் கார் நின்றதில்லை. அண்ணன் சில வருஷம் இருந்தார். இப்போது அண்ணி பாரோயில் மகள் வீட்டில் இருக்கிறார். அந்தக் காரை நான்தான் ஓட்டுகிறேன், இன்னும் பயந்துகொண்டேதான். போன தீபாவளிக்குப் போயிருந்தபோது, முறுக்கு பிழிந்துகொண்டே, ஏதோ ஞாபகம் வந்தவர் மாதிரிக் கேட்டார்.

“பாப்பா, அந்தச் சந்தன விசயம் ஒங்க அண்ணனுக்குக் கடைசி வரைக்கும் தெரியாதில்ல?”

“தெரியாது அண்ணி,” என்றேன். என் வாழ்க்கையில் பயமில்லாமல் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.