பேபி ஓவர்

எட்டுப் பள்ளிகள் சேர்ந்தால் சனிக்கிழமை மைதானம் பெண்களுக்கு. ஏழு என்றால் வழக்கம்போலப் பையன்களுக்கு.

இதை அய்யாதுரை ஜூன் மாதம் சொன்னார். மந்தைவெளியில் ஒரு கிரிக்கெட் கிளப்புக்கு அவர் செயலாளர். தி. நகரில் ஜவுளிக்கடை. கடையில் நின்றபடி, வாசலில் நுழைகிறவர்களைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எட்டுன்னா சோடி சோடியா மேட்சு போட்டிரலாம் டீச்சர். ஏழுன்னா வாரம் ஒரு டீம் சும்மா நிக்கும். நிக்க வைக்கவா கிரவுண்டு தாரேன்?"

"எட்டு வரும் சார்," என்றாள் ஜொவிட்டா. அன்று அவள் கையில் இருந்தது இரண்டு.

ஜொவிட்டாவுக்கு நாற்பத்து மூன்று வயது. சாந்தோமில் கோவிலுக்குப் பின்னால் உள்ள சந்தில் பிறந்தவள். அப்பா பிரகாசம் வாத்தியார், அத்தை வாத்தியார், சித்தி வாத்தியார். அவளும் பதினொரு வருடம் ஒரு பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்தாள். பரீட்சை நெருங்கினால் கணக்கு டீச்சர் பி.டி. பீரியடைக் கேட்பார். பிறகு அறிவியல் டீச்சர் கேட்பார். பிறகு கேட்கவும் மாட்டார்கள். ஒரு மார்ச் மாதம் அவள் டைரியைப் புரட்டி, அந்த வருடம் தன்னிடமிருந்து போன பீரியட்களை எண்ணினாள். நூற்றுப் பன்னிரண்டு. மறுநாள் ராஜினாமாக் கடிதம் கொடுத்தாள்.

கிளப்பில் அவளுக்குக் கிடைத்த வேலைக்குச் சரியான பெயர் கிடையாது. பள்ளி பள்ளியாகப் போக வேண்டும். கிரிக்கெட் ஆடவைக்க வேண்டும். அடையாறு, அபிராமபுரம், ராயப்பேட்டை, வடபழனி. ஸ்கூட்டரின் முன்பக்கம் ஸ்டம்புகள், டிக்கியில் இரண்டு ஹெல்மெட், பின் சீட்டில் கட்டிய கிட் பை. சிக்னலில் நிற்கும்போது போன் பேசுவாள். பச்சை விழுந்தபின் பின்னால் ஹாரன் அடிப்பவர்களிடம் கையைக் காட்டிவிட்டு மேலும் ஒரு வாக்கியம் பேசுவாள். கணவன் டெரன்ஸ் ஒருநாள் கேட்டான்.

"நீ வீட்டுக்கு வர்றியா, வீட்டு வழியா போறியா?"

அவள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். பாட்டிலோடு வெளியே போனாள்.

தலைமை ஆசிரியைகள் எல்லாரும் நல்லவர்கள். உட்காரச் சொல்வார்கள். காபி வரும்.

"கோகோ ஆடட்டுமே மிஸ்."

"பந்து கண்ணுல பட்டா யார் பொறுப்பு?"

"வெயில்ல நின்னா கறுத்துப் போயிடுதுங்க. பேரன்ட்ஸ் மீட்டிங்ல என்னைத்தான் கேக்கறாங்க."

அவள் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தாள். பதிலுக்காக யாரும் கேட்கவில்லை என்பது இரண்டாவது, மூன்றாவது முறை போகும்போதுதான் தெரியும். போனாள். ஜூலை முடிவில் ஏழு சேர்ந்தது.

எட்டாவது ராயப்பேட்டையில் ஒரு பள்ளி. பி.டி. டீச்சர் சீதாவிடம் பத்துப் பெண்கள் இருந்தார்கள். பதினொன்றாவது ஆளுக்கு ஒரு பெயர் சொன்னாள். ரூஹி, எட்டாம் வகுப்பு. தெருவில் பையன்களுக்கே பந்து போடுகிறவள். ஆனால் அவளுடைய அம்மா கையெழுத்துப் போடமாட்டாள்.

அந்த அம்மா அமீனா பீ வீட்டில் தையல் மெஷின் வைத்திருந்தாள். ஜொவிட்டா நான்கு தடவை மாடி ஏறினாள். முதல் தடவை கதவு திறக்கவில்லை. இரண்டாவது தடவை தண்ணீர் கிடைத்தது. மூன்றாவது தடவை டீ. நான்காவது தடவை அமீனா பீ துணியிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"இந்தம்மா கையெழுத்து வாங்காம போவாது போலக்கீது. பேனாவ எட்றீ."

எட்டு அணி ஆனது. அய்யாதுரை விதிகளை ஒரு தாளில் அடித்துக் கொடுத்தார். பதினொரு பேர் வராத அணி அன்றைக்கு ஆட முடியாது. ஒரு தடவை ஆடாமல் போனால் அணி நீக்கம். ராயப்பேட்டையில் பன்னிரண்டாவது ஆள் கிடையாது என்று அவருக்குத் தெரியும். ஜொவிட்டாவுக்கும் தெரியும். இருவரும் அதைப் பேசவில்லை.

முதல் சனிக்கிழமை இரண்டு அம்பயர்களில் ஒருவர் வரவில்லை. ஜொவிட்டா தொப்பியைப் போட்டுக்கொண்டு, பேட் செய்கிறவருக்குப் பக்கவாட்டில், ஸ்கொயர் லெக்கில் நின்றாள். பந்து போடுகிறவரின் கை அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும்.

மயிலாப்பூர்ப் பள்ளி பேட்டிங். நான்காவது ஓவரை ரூஹி போட வந்தாள். முதல் பந்து வேகமாக வந்து ஸ்டம்பை ஒட்டிப் போனது. ராயப்பேட்டைப் பெண்கள் கத்தினார்கள். ஜொவிட்டா கத்தவில்லை. ரூஹியின் முழங்கை மடங்கி, நீண்டதை அவள் பார்த்தாள்.

மரத்தில் கல்லெறிந்து மாங்காய் அடிக்கிறவனின் கை அப்படித்தான் போகும். அதனால் சென்னைத் தெருக்களில் அதற்குப் பெயர் மாங்கா. தெருவில் மாங்கா போடலாம். மைதானத்தில் கூடாது. ஒரு தடவை போட்டால் எச்சரிக்கை. மறுபடி போட்டால் பந்தை வாங்கி வேறொருத்தரிடம் கொடுத்துவிட வேண்டும். ஸ்கோர் புத்தகத்தில் காரணம் எழுத வேண்டும். எழுதினால் அந்த சீசன் முழுக்க அவள் பந்து போட முடியாது.

இவளுக்காக நாலு தடவை மாடி ஏறினேன், என்று ஜொவிட்டா நினைத்தாள். இரண்டாவது பந்து வந்தது. கையை நீட்டினாள்.

"நோ பால்."

ராயப்பேட்டை அணித் தலைவி ஷண்முகப்ரியா ஓடி வந்தாள்.

"மிஸ், கால் தாண்டவே இல்லயே. எதுக்கு?"

"கையை நேரா போடச் சொல்லு."

மூன்றாவது பந்து இன்னும் வேகமாக வந்தது. இன்னும் மடங்கியது. மறுபடி நோ பால். எல்லைக் கோட்டில் பேட்டிங்குக்குக் காத்திருந்த மயிலாப்பூர்ப் பெண்களில் ஒருத்தி மெதுவாக ஆரம்பித்தாள்.

"மாங்கா."

பக்கத்தில் இருந்தவள் சேர்ந்துகொண்டாள். பிறகு ஏழெட்டுப் பேர். கைதட்டி, தாளத்தோடு. மாங்கா, மாங்கா. பார்க்க வந்த அப்பாக்களும் சிரித்தார்கள். ரூஹி பந்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்தச் சத்தத்தை நிறுத்த வேண்டும் என்பது தவிர ஜொவிட்டாவுக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

"பேபி ஓவர்!" என்று கத்தினாள். "மீதியை வேற ஒருத்தர் போடுங்க."

இதுவும் தெருவின் விதிதான். பொடிசு எதுவாவது ஓவரைப் போட்டு முடிக்கத் தெரியாமல் அங்கும் இங்கும் வீசினால், பாதியில் நிறுத்தி, மிச்சத்தைப் பெரியவன் போட்டு முடிப்பான். அழாதே, உன் ஓவர் பேபி ஓவர் என்பார்கள். எல்லாருக்கும் புரிந்தது. தாளம் நின்றது. ஷண்முகப்ரியா பந்தை வாங்கிக்கொண்டாள். ரூஹி வெகுதூரம் நடந்து எல்லைக் கோட்டில் போய் நின்றாள்.

ஓவர் முடிந்ததும் ஸ்கோர் எழுதும் மகேஷ் கூப்பிட்டார்.

"மேடம், பவுலர் பாதியில மாறியிருக்கு. காரணம் இன்னா போட?"

"உடம்பு சரியில்லைன்னு போடுங்க."

அவர் அவளை ஒரு தடவை பார்த்துவிட்டு எழுதினார். ராயப்பேட்டை தோற்றது. ஸ்கோர் புத்தகம் ஜொவிட்டாவின் டிக்கிக்குப் போனது. அணி தப்பித்தது என்று நினைத்துக்கொண்டே ஜொவிட்டா வீட்டுக்குப் போனாள்.

வியாழக்கிழமை சீதாவிடமிருந்து போன்.

"ரூஹி வரமாட்டேங்கறா மிஸ். நாலு நாளா பிராக்டிஸுக்கும் இல்ல. நான் கேட்டா பேசவே மாட்டேங்கறா. பத்துப் பேர்தான்."

ஜொவிட்டா அப்போது வடபழனி பஸ் டிப்போ சிக்னலில் இருந்தாள். பச்சை விழுந்தது. எந்தப் பக்கம் போக வந்தோம் என்பது ஒரு கணம் மறந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டபின் ராயப்பேட்டையில் அந்த மாடிப்படியில் ஐந்தாவது முறையாக ஏறினாள். கதவுத் தாழ்ப்பாளில் குழந்தைப் பால்பாட்டிலின் ரப்பர் ஒன்று நூலில் கட்டித் தொங்கியது.

"பாத்துட்டியா டீச்சரம்மா," என்றாள் அமீனா பீ. "எதிர் வூட்டு நதீம் கட்டிட்டுப் போயிருக்கான். அவுத்துப் போட்டா இன்னொண்ணு கட்றான். இவ தெருவுல எறங்கனா பாப்பா பால் குட்ச்சியான்னு கேக்கறானுங்கோ. நான் கையெழுத்து போட்டது இதுக்கா?"

"ரூஹி இருக்காளா?"

"உள்ள கீறா. மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு. நீயே பேசு."

ரூஹி திரைக்குப் பின்னாலிருந்து வரவில்லை. ஜொவிட்டா திரையைப் பார்த்துப் பேசினாள்.

"ரூஹி, நான் உனக்காகத்தான் அப்படிச் சொன்னேன். எல்லாரும் மாங்கா மாங்கான்னு கத்தினாங்க. உனக்கு அசிங்கமா இருக்கக் கூடாதுன்னு."

திரை விலகியது.

"மாங்கான்னா இன்னா அசிங்கம் மிஸ்? நதீமே மாங்காதான். எங்க தெருவுல பாதிப் பேரு மாங்கா. மாங்கான்னா பந்து வேகமா வருதுன்னு பயந்துக்கினு கத்தறது. பேபின்னா போடவே தெரியலன்னு அர்த்தம்."

ஜொவிட்டா கதவில் தொங்கிய ரப்பரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பறம் உடம்பு சரியில்லன்னு எழுதியிருக்கீங்க. மகேஷ் அண்ணா புக்ல நானே பாத்தேன். எனக்கு உடம்புக்கு இன்னா?"

"மாங்கான்னு எழுதினா இந்த சீசன் பூரா நீ பந்து போட முடியாது ரூஹி."

"இப்ப மட்டும் போட்டனா?"

அமீனா பீ மெஷினில் துணியைத் திருப்பினாள். "கேக்கறா இல்ல. சொல்லு டீச்சரம்மா."

எட்டு அணி வேண்டும் என்பதற்காக எழுதியது அது. இவளுக்காக என்று சொல்லிக்கொண்டு அதை எழுதியாகிவிட்டது. ஜொவிட்டா கீழே போனாள். டிக்கியிலிருந்து ஸ்கோர் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மேலே வந்தாள். தையல் மெஷின் பலகையில் வைத்துப் பிரித்தாள். உடம்பு சரியில்லை என்பதை ஒரே கோட்டில் அடித்தாள். முழங்கையை மடக்கி எறிந்ததால் நிறுத்தப்பட்டார் என்று எழுதினாள். கையெழுத்தும் தேதியும் போட்டாள்.

ரூஹி எட்டிப் பார்த்துப் படித்தாள்.

"மாங்கான்னு எழுதல."

"புத்தகத்துல அப்படி எழுத மாட்டாங்க."

"உடம்பு சரியில்லன்னு மட்டும் எழுதுவாங்களா?"

அமீனா பீ சிரித்துவிட்டாள். "எழுதித் தொலையேன். ஒரு வார்த்தைதானே."

ஜொவிட்டா அடைப்புக்குறி போட்டு மாங்கா என்று எழுதினாள்.

"நாளைக்கு வருவியா?"

ரூஹி புத்தகத்தை அம்மாவிடம் காட்டினாள். அமீனா பீக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. விரலை வைத்து எது மாங்கா என்று கேட்டாள்.

படியில் இறங்கும்போதே ஜொவிட்டா அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அய்யாதுரைக்கு அனுப்பினாள். மறைத்து வைத்தால் அது அடுத்த பொய். பீட்டர்ஸ் ரோடு திரும்புவதற்குள் போன் வந்தது.

"டீச்சர், அம்பயரே பொய் எழுதிருக்கீய. அடிச்சித் திருத்தி, மாங்கான்னு வேற போட்டிருக்கீய. நான் கமிட்டிக்கு என்ன பதில் சொல்ல?"

"நான் பண்ணது தப்பு சார்."

"தப்புதான். இந்த சீசன் நீங்க அம்பயர் நிக்க வேண்டாம். ஸ்கோர் மேசைப் பக்கமும் வர வேண்டாம். அந்தப் பிள்ள பந்து போடக் கூடாது, அது சட்டம். நாளைக்குப் பதினோரு பேர் இருந்தா டீம் இருக்கும். இல்லேன்னா பையங்களுக்கு நான் இப்பவே மெசேஜ் டைப் பண்ணி வச்சிருக்கேன்."

"ஏன் சார் இப்பவே?"

"எட்டரைக்கு அனுப்புனா ஒன்பதுக்கு வந்திருவானுவ. அவனுவளுக்கு உங்கள மாதிரி அலைய ஆள் வேண்டாம் பாத்துக்கிடுங்க."

சனிக்கிழமை எட்டு மணிக்கு ஜொவிட்டா மைதானத்தின் கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டரோடு நின்றாள். நிற்க முடியவில்லை. பஸ் ஸ்டாப் வரை நடந்து திரும்பினாள். எட்டு இருபதுக்கு சீதா பஸ்ஸிலிருந்து இறங்கினாள். பெண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஜொவிட்டா எண்ணினாள். ஒன்பது. ஷண்முகப்ரியா பத்து. பஸ் நகர்ந்தது.

"மிஸ், அவ சொல்லவே இல்ல, வர்றேன்னும் இல்ல, வரலன்னும் இல்ல," என்றாள் ஷண்முகப்ரியா.

எட்டு இருபத்தாறுக்கு ஒரு ஷேர் ஆட்டோ வந்தது. உள்ளே ஏழு பேர். நடுவிலிருந்து ரூஹி ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு பிதுங்கி இறங்கினாள்.

"சாக்ஸ் காயல," என்றாள் ஷண்முகப்ரியாவிடம். ஜொவிட்டாவுக்கு வணக்கம்கூட வைக்கவில்லை. உள்ளே ஓடினாள்.

அய்யாதுரை கிளப் வராந்தாவில் நின்று தலைகளை எண்ணினார். போனை எடுத்து எதையோ அழித்தார்.

அபிராமபுரம் பள்ளி முதலில் ஆடியது. ஜொவிட்டா சுற்றுச்சுவருக்கு வெளியே நின்று பார்த்தாள். இரண்டாவது ஓவரில் பந்து எல்லைக் கோட்டுக்குப் போனது. அங்கே ரூஹி. எடுத்தாள், எறிந்தாள். முழங்கை நன்றாக மடங்கியது; எல்லையிலிருந்து எறிகிறவள் மடக்கலாம். பந்து தரையில் படாமல் நேராக வந்து கீப்பரின் கையில் அறைந்தது. ஓடிக்கொண்டிருந்தவள் கோட்டுக்கு ஒரு அடி வெளியே இருந்தாள். ராயப்பேட்டைப் பெண்கள் பத்துப் பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

"மாங்கா!"

அம்பயர் விரலைத் தூக்கினார். ரூஹி சிரிக்கவில்லை. தோளைத் தேய்த்துக்கொண்டு தன் இடத்துக்கு நடந்தாள். சுவர் பக்கம் அவள் திரும்பவே இல்லை. திரும்புவாள் என்று ஜொவிட்டா இன்னும் இரண்டு பந்துகள் பார்த்தாள்.

அடையாறிலிருந்து போன் வந்தது. ஒன்பதரைக்கு வரச் சொன்ன தலைமை ஆசிரியை, ஒன்பதுக்கே வர முடியுமா என்று கேட்டார்.

"வந்துக்கிட்டே இருக்கேன் மேடம்," என்று சொல்லி ஜொவிட்டா ஹெல்மெட்டை மாட்டினாள். இன்னொரு பந்து பார்க்கலாமா என்று இருந்தது. வண்டியை எடுத்தாள்.