முறை வைத்துப் பொறுக்கிய தேயிலை

முப்பதுகளின் தொடக்கத்தில் தேயிலை விலை அதலபாதாளத்துக்குப் போனது. இலங்கையில் கொட்டகலைப் பக்கம் எங்கள் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், காய்ந்த தேயிலையிலிருந்து குச்சி பொறுக்கும் பெண்களில் நானும் ஒருத்தி. பாதிப் பேரை நிறுத்தப்போவதாக ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர் ஐயா சொன்னார். கணவர் இருமலோடு படுத்திருந்தார். வீட்டில் வேலைக்குப் போகிறவள் நான் மட்டும்தான். எனக்கும் வேலை இல்லையென்றால் தோட்டம் கொடுத்த லயத்து அறையைக் காலிசெய்துவிட்டு இந்தியாவுக்குக் கப்பலேற வேண்டியதுதான். நான் பிறந்ததே இந்த மலையில். எந்த ஊருக்குப் போவதாம்?

அடுத்த அறையில் இருந்த அக்காதான் ஐயாவிடம் வழி சொன்னார்.

“யாரையும் நிப்பாட்ட வேணாங்கய்யா. நாங்க முறை வச்சு வாறோம். இன்னைக்குப் பாதிப் பேரு, நாளைக்கு மத்தவங்க.”

ஐயா ஒத்துக்கொண்டார். கூலி பாதியானாலும் எல்லோருக்கும் வேலை உண்டு என்றதும் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

வேலை தேங்கினால் பழி நம்மேல் விழுமே என்று, வந்தவர்கள் வராதவர்கள் பங்கையும் சேர்த்துப் பொறுக்கினோம். பேச்சில்லை, சிரிப்பில்லை, தேத்தண்ணி குடிக்கக்கூட எழுந்திருப்பதில்லை. சாயங்காலம் தரையில் ஒரு குவியல் மிஞ்சாது. அதில் பெருமை வேறு! எங்கள் தலையில் நாங்களே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டது அப்போது புரியவில்லை.

ஒருநாள் தோட்டத்தை நடத்தும் பெரிய துரை ஸ்டோருக்கு வந்தார். அன்று அக்காவின் முறை. நான் வீட்டில் இருந்தேன். சாயங்காலம் அக்கா வந்து என் வாசலில் உட்கார்ந்தார்.

“இவங்களே எல்லாத்தையும் முடிச்சிர்றாங்களே, மத்தவங்க எதுக்குன்னு தொரை கேட்டுட்டாருடி. இனிமே நாங்க மட்டும் வந்தாப் போதுமாம்.”

துரையை வாய்க்கு வந்தபடி ஏசினேன். அக்கா தலை நிமிரவே இல்லை.

“ஒன் வேலை போயிரக் கூடாதுன்னுதாண்டி ஒன் பங்கையும் சேத்துப் பொறுக்குனேன்” என்று அழுதார்.

அவர்மேல் எப்படிக் கோபப்படுவது? நானும் அவருக்காக அதையேதானே செய்துகொண்டிருந்தேன்.

மறுநாள் விடிந்ததும் ஸ்டோர் சங்கு ஊதியது. அக்கா வேலைக்குப் போகாமல் என் வாசலில் வந்து நின்றார். அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்களே.

“போங்கக்கா, நேரமாச்சு. கதவைச் சாத்திருவாங்க” என்றேன்.

போனார். என் பங்கையும் சேர்த்துப் பொறுக்கத்தான் போனார்.