கடற்கரைப் படத்தில் ஒட்டிய சிரிப்பு

இத்தாலியில், எங்கள் தூரின் நகரத்துத் தொலைக்காட்சி நிலையத்தில் நேவியோவுக்குச் சிரிப்புக் கடைக்காரன் என்று பெயர். நகைச்சுவை நிகழ்ச்சியில் கூட்டம் சரியாகச் சிரிக்கவில்லையென்றால், பழைய ஒலிநாடாவிலிருந்து நல்ல சிரிப்பாக வெட்டி ஒட்டிவிடுவான். கெட்டிக்காரன்தான். தலைக்கனமும் அதற்கேற்ற அளவு இருந்தது.

அவன் சரக்கிலேயே உயர்ந்தது தெல்ஃபினாவின் சிரிப்பு. அவன் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருந்தவள். அவன் கொடுத்த ஓசி டிக்கெட்டில் ஒரு சனிக்கிழமை நிகழ்ச்சி பார்க்க வந்தாள். விக்கல் மாதிரித் தொடங்கி, அரங்கையே இழுத்துக்கொண்டு போகும் சிரிப்பு. நாடாவில் பதிந்த அதைக் குழந்தைகளின் நரிப் பொம்மை நிகழ்ச்சியிலும் ஒட்டினான். தன் சிரிப்பென்று அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. கணவன் எத்தோரே அந்த நேரங்களில் ட்ராம் ஓட்டிக்கொண்டிருப்பான்.

பிறகு ரிமினி கடற்கரை பற்றிய ஆவணப்படம் ஒலிச்சேர்க்கைக்கு வந்தது. நடன அரங்கிலிருந்து ஒரு ஜோடி இருட்டில் மணலில் இறங்கிப்போகிறது. ஒலியோ வெறும் காற்று. நேவியோவுக்குக் கை சும்மா இருக்குமா? தெல்ஃபினாவின் சிரிப்பை ஒட்டினான். படத்தில் ஒரு முடிகூடப் பொய்யில்லை என்று பீற்றிக்கொள்ளும் இயக்குநர் அதைக் கவனிக்கவில்லை.

படம் ஒளிபரப்பானபோது கீழ்த்தெரு காப்பிக்கடையில் எத்தோரே சீட்டாடிக்கொண்டிருந்தான். மனைவியின் சிரிப்பைக் கேட்டதும் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனான். படம் எடுத்த அந்த ஆகஸ்டு விடுமுறையில் அவன் ஊரில் ட்ராம் ஓட்ட, அவள் கூனேயோ என்ற ஊரில் அக்கா வீட்டில் இருந்தாள். இருந்ததாகத்தான் சொல்லியிருந்தாள்.

அன்றிலிருந்து மேல்மாடியில் தினமும் சண்டை. அக்காவைக் கேளுங்கள் என்று அவள் கெஞ்சுவதும், ஆவணப்படம் பொய் சொல்லுமா என்று அவன் கத்துவதும் நேவியோவுக்குக் கேட்கும். கூட வேலைபார்த்த என்னிடம் மட்டும் அவன் சிரிப்பை ஒட்டியதைச் சொன்னான். "இப்பவே மேல போய்ச் சொல்லுடா" என்று திட்டினேன். "இயக்குநருக்குத் தெரிஞ்சா வேலை போயிரும்பா" என்றான். சோறு இறங்காமல் இளைத்தான். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அவனைப் பார்க்கவே எரிச்சலாக வந்தது.

ஒருநாள் காலை தெல்ஃபினா பெட்டியோடு படியிறங்கிப் போவதைப் பார்த்த பிறகுதான் மேலே ஓடினான். அவளைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாய் என்று எத்தோரே நம்ப மறுக்க, நிலையத்துக்கே இழுத்து வந்து நாடாவைப் போட்டுக் காட்டினான். அந்தச் சனிக்கிழமை நிகழ்ச்சிக் கோமாளியின் பேச்சு, அடுத்து அதே விக்கல், அதே சிரிப்பு. எத்தோரே தலையில் கைவைத்து அழுதான். மறுநாளே கூனேயோ போய் மனைவியை அழைத்து வந்தான்.

நேவியோவின் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்ற நினைப்புதான் அவனை அறுத்தது. மன்னிப்புக் கேட்கப் போனவன், வேறென்ன கொண்டுபோவது என்று தெரியாமல் சனிக்கிழமை நிகழ்ச்சிக்கு இரண்டு டிக்கெட்டை நீட்டினான். நானும் கூட நின்றேன்.

தெல்ஃபினா கோபப்படவில்லை. "இத்தனை நாளா நான் வாயால சொன்னது அவருக்குப் பொய்யாப் பட்டுச்சு. நீங்க போட்டுக் காட்டினதும் உண்மையாயிடுச்சு" என்றாள். டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தாள். "வேணாம் நேவியோ. இப்பல்லாம் சிரிப்பு வந்தாலே, இதை எங்க கொண்டுபோய் ஒட்டுவாங்களோன்னு வாயை மூடிக்கறேன்."