மண்டபத்து மண்ணுக்குள் இறங்கிய தண்ணீர்

கிண்ணியாவில் நிப்லாவின் தொழில் என்னவென்று சரியாகச் சொல்லக்கூடியவர்கள் குறைவு. இரசாயனம் படித்தவள், கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்தவள், கலியாணம் முடித்து ஊரோடு வந்துவிட்டவள் என்பதுவரை எல்லோருக்கும் தெரியும். ஆனால் போத்தல்கள் அடுக்கிய குளிர்ப்பெட்டியோடு ஏன் கிணறு கிணறாகத் திரிகிறாள் என்பதுதான் விளங்கவில்லை. "கக்கூசுத் தண்ணி அளக்கிற புள்ள" என்று ஒரு சொந்தக்காரி சொல்லிச் சிரித்தாள். நிப்லாவும் சேர்ந்து சிரித்தாள். சொன்னதில் பிழை ஒன்றும் இல்லையே.

கரையோரத்தில் கலியாண மண்டபம் வைத்திருந்த அப்ராஸ் ஒருநாள் அவளைக் கூப்பிட்டனுப்பினார். வெளியூரிலிருந்து வரும் மாப்பிள்ளை வீட்டார் தங்குவதற்கு மேல்மாடியில் அறைகள் கட்டுவது அவருடைய எண்ணம். அனுமதி கேட்கப்போன இடத்தில், மண்டபத்துக் கழிவுநீரால் நிலத்தடி நீருக்கு எவ்வளவு நைத்திரேற்று என்ற உப்பு சேரும் என்று மதிப்பிட்டு வரச் சொல்லிவிட்டார்கள்.

"சின்னக் கணக்குத்தானே தங்கச்சி. கெதியா முடிச்சுத் தாங்க."

"பாப்பம் நானா" என்றாள் நிப்லா.

அந்தப் பக்கமெல்லாம் மணல். செப்டிக் தாங்கியில் தெளிந்த நீர் ஊறல் குழிக்குப் போய், அங்கிருந்து மண்ணுக்குள் இறங்கிவிடும். கிருமிகளில் பெரும்பகுதியை மணல் பிடித்துக்கொள்ளும். சிறுநீரிலிருந்து உண்டாகும் நைத்திரேற்றை மட்டும் அதனால் பிடிக்க ஏலாது, அது தண்ணீரோடு தண்ணீராகப் போய்விடும். எத்தனை லீற்றர் இறங்குகிறது, ஒரு லீற்றரில் நைத்திரேற்றாக மாறக்கூடிய நைதரசன் எவ்வளவு இருக்கிறது, அந்த வளவில் பெய்யும் மாரி மழை அதோடு கலந்து எவ்வளவு ஐதாக்குகிறது என்பவைதான் கணக்கின் உறுப்புகள்.

வீட்டுக் கழிவுக்கு வழக்கமாகப் போடும் நைதரசன் அளவைப் போட்டுப் பார்த்தாள். அறைகளையும் சேர்த்தால்கூட, குடிநீருக்கான எல்லைக்குள் மட்டுமட்டாக நின்றது. அறிக்கையை அன்றே எழுதிக் கொடுத்திருக்கலாம்.

அந்தக் கிழமை அதே மண்டபத்தில் ஒரு வலீமா விருந்து. நிப்லாவும் போயிருந்தாள். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ வரிசையில் நின்றபோதுதான் அது அவளுக்கு உறைத்தது. வருகிறவர்கள் மலசலகூடத்துக்குப் போகிறார்கள், கை கழுவுகிறார்கள், போய்விடுகிறார்கள். இங்கே யாரும் குளிப்பதில்லை, உடுப்புத் துவைப்பதில்லை. சாப்பாடும் வெளியில் சமைத்துத்தான் வருகிறது. வீட்டுக் கழிவை ஐதாக்கும் அந்தத் தண்ணீரெல்லாம் இங்கே எங்கே? பிறகு எப்படி வீட்டு அளவு பொருந்தும்?

மறுநாள் தாங்கியின் மூடியைத் திறந்து தண்ணீர் எடுத்துப் பரிசோதித்தாள். நைதரசன் வீட்டு அளவைப்போல மூன்று மடங்கு இருந்தது. கணக்கைத் திரும்பப் போட்டாள். அறைகள் கிடக்கட்டும், இப்போது இருக்கும் மண்டபமே எல்லையைத் தாண்டியிருந்தது. அங்கே நிலத்தடி நீர் கடலோடு சேரும் களப்புப் பக்கமாக நகர்கிறது. மண்டபத்துக்கும் களப்புக்கும் நடுவில் ஒரேயொரு வீடு, ஷிஃபானாவின் வீடு. பொதுக் கணக்கெடுப்பு என்று சொல்லி அந்தக் கிணற்றிலும் ஒரு போத்தல் எடுத்தாள். பொய் சொன்னது மனதை அறுத்தது. லீற்றருக்கு ஐம்பது மில்லிகிராம் நைத்திரேற்று எல்லை. கிணற்றில் எழுபதுக்கு மேல் இருந்தது.

அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அப்ராஸ் கதிரையைப் பின்னால் தள்ளி எழும்பினார்.

"அப்ப என்ட மண்டபத்த மூடச் சொல்றீங்களா?"

"மூடச் சொல்லல்ல நானா. ஆனா வீட்டு அளவு போட்ட கணக்க எழுத எனக்கு ஏலாது. அது பிழையெண்டு தெரிஞ்சிட்டு."

"தண்ணியக் கொதிக்க வச்சுக் குடிச்சாச் சரிதானே?"

"கொதிச்சாத் தண்ணிதான் ஆவியாப் போகும், இது போகாது. இன்னும் செறிவாகும். பெரியாக்களுக்கு உடன ஒண்டும் செய்யாது. மாப்பால் குடிக்கிற பச்சப்புள்ளைக்குத்தான் கூடாது, ரத்தத்தில காத்துக் குறைஞ்சு உடம்பு நீலம் பூத்திரும்."

அப்ராஸ் சன்னலுக்கு வெளியே பார்த்தார். ஷிஃபானாவின் வளவுக் கொடியில் சின்னச் சின்னத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன.

"அது புள்ள பெத்த வீடெல்லோ" என்றார் மெதுவாக. பிறகு, "நீங்க சொல்ல வேணாம். நானே சொல்றன். கூட வாங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினார்.

ஷிஃபானா குழந்தையைத் தோளில் போட்டபடி கேட்டுக்கொண்டு நின்றாள். முகம் சிவந்துபோனது. "குழாய்த் தண்ணி மருந்து மணக்குதெண்டுதானே புள்ளைக்குக் கிணத்துத் தண்ணியில பால் கரைச்சன்! இவ்வளவு நாளும் ஒருத்தரும் சொல்லல்லியே!"

"எனக்கே இண்டைக்குத்தான் தெரியும் தங்கச்சி. புள்ளைய முதல்ல டொக்டரிட்டக் காட்டுவம்" என்று அப்ராஸ் தன் வாகனத்தைக் கொண்டுவந்தார். நிப்லா கிணற்று விஷயத்தில் சொன்ன பொய்யை வழியிலேயே ஷிஃபானாவிடம் ஒப்புக்கொண்டாள். ஷிஃபானா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை என்று டொக்டர் சொன்னபிறகுதான் நிப்லாவின் கையைப் பிடித்தாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் பால் குழாய்த் தண்ணீரில்தான்.

அறை கட்டும் வேலையை அப்ராஸ் ஒத்திவைத்தார். நிப்லா மண்டபத்தின் பின்வளவுக்கு இரண்டு படுகைகள் வரைந்து கொடுத்தாள். முதலாவது காற்றுப் புகும் மணற்படுகை, அதில் கழிவின் நைதரசன் பெரும்பாலும் நைத்திரேற்றாக மாறும். இரண்டாவது எப்போதும் தண்ணீர் நிரம்பி நிற்கும் தொட்டி. உள்ளே மரச்சீவலும் தேங்காய் மட்டையும். காற்றில்லாத அந்த இடத்தில் நுண்ணுயிர்கள் மட்டையைத் தின்று நைத்திரேற்றை உடைக்க, நைதரசன் வாயுவாகி வெளியேறிவிடும்.

முதல் மாதம் ஒன்றும் சரிவரவில்லை. மணற்படுகை அடைத்துக்கொண்டு வளவெல்லாம் நாறியது. அப்ராஸ் மூக்கைப் பொத்திக்கொண்டு தொலைபேசியில் சத்தம் போட்டார். நிப்லா வந்து மேல் மணலை வழித்தெடுத்துப் பருமணல் போடுவித்தாள். பிறகு பிடித்துக்கொண்டது. மாரி முடிந்து பரிசோதித்தபோது, மட்டைத் தொட்டியிலிருந்து வெளிவந்த நீரில் நைத்திரேற்று பத்தைக்கூடத் தொடவில்லை. மண்ணுக்குள் ஏற்கனவே இறங்கியது நகர்ந்து முடியக் காலம் எடுக்கும். ஆனாலும் ஷிஃபானாவின் கிணறு அறுபதுக்குக் கீழே வந்திருந்தது, அடுத்த மாரியில் நாற்பத்தைந்து.

தொட்டி நீரின் அந்தப் புதிய அளவை வைத்து அறைகளுக்கான மதிப்பீட்டையும் நிப்லா புதிதாக எழுதினாள். அனுமதி கிடைத்தது.

இப்போது மண்டபம் பார்க்க வருகிறவர்களை அப்ராஸ் முதலில் பின்வளவுக்குத்தான் கூட்டிப்போகிறார். போன கிழமை தோப்பூரிலிருந்து வந்த மணமகனின் வாப்பா, மேடையைக் காட்டுவார்கள் என்று நினைத்து வந்து, மட்டைத் தொட்டிக்கு முன்னால் முழித்துக்கொண்டு நின்றார்.

"மணக்குதா பாருங்க" என்றார் அப்ராஸ். "நல்லாக் குனிஞ்சு பாருங்க."