வாவி வற்றினாலும் பேசாத சீனித்தம்பியார்

"இந்த வாவி வத்தி, பாதை தரையில கிடந்து, சனம் செருப்போட அக்கரைக்கு நடந்து போற காலம் வந்தாலும் பூபாலபிள்ளையோட நான் ஒரு சொல்லுப் பேசமாட்டன். கோவம் வைக்கிறதில ரெண்டு கரையிலயும் என்ன வெல்ல ஆளில்ல."

இவ்வாறு பிரகடனம் செய்தவர் சீனித்தம்பியார். செய்த இடம் மட்டக்களப்பு வாவியின் நடுப்பகுதி. சாட்சிகள்: பதினேழு பயணிகள், ஐந்து மோட்டார் சைக்கிள்கள், ஒரு ஆட்டுக்கடா. கடா மட்டும் மறுப்புத் தெரிவிப்பது போல ஒரு முறை கத்தியது. அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

வாவியின் கிழக்கே எழுவான்கரையிலிருந்து மேற்கே படுவான்கரைக்கு ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிச்செல்லும் படகைத்தான் எங்கள் பக்கத்தில் பாதை என்பார்கள். இரண்டு தோணிகளைச் சேர்த்து, மேலே பலகை அடித்து, பின்னால் மோட்டார் பூட்டியது. இருபத்திரண்டு ஆண்டுகளாக அதை ஓட்டுகிறவர் சீனித்தம்பியார். பூபாலபிள்ளைக்கு வீடு எழுவான்கரையில், இவர் வீட்டுக்கு நாலாவது வீடு, வயலோ படுவான்கரையில். ஆகவே காலையில் ஒரு தரம், பின்னேரம் ஒரு தரம் அவர் இந்தப் பாதையில் ஏறியே தீரவேண்டும். தான் கோபித்துக்கொண்ட ஆளை நாளுக்கு இரண்டு முறை பத்திரமாகக் கரைசேர்க்கும் பொறுப்பு உலகத்தில் வேறெந்தக் கோபக்காரருக்கும் வாய்த்திருக்காது.

வாய் திறந்து பேசாமல் தொழில் நடத்துவது எப்படி? அதற்கும் வழி கண்டார். பூபாலபிள்ளையின் சைக்கிளுடன் பேசினார்.

"ஓய் சைக்கிள், நடுவுக்குப் போ. பாதை சரியுது."

பூபாலபிள்ளையும் சளைத்தவரல்ல. சைக்கிளை நடுவுக்குத் தள்ளிவிட்டு மோட்டாரைப் பார்த்துச் சொல்வார்: "மெதுவா ஓடு மோட்டார், ஓட்டுறவனுக்குக் கண் தெரியாது."

படுவான்கரை ஊர்களுக்குத் துணிமூட்டை கொண்டுபோகும் ஸாஹிர் இதைக் கேட்டுக் கேட்டு ஒருநாள் சொன்னார்: "அண்ணன், ஒங்கட சண்டையில எங்கட சாமான்தான் பேசப் படிச்சுக்கொண்டிருக்கு. நாளைக்கு என்ட துணிமூட்டையும் வாய் திறந்தா நான் என்ன செய்ய?"

இத்தனைக்கும் காரணம் ஒரு தட்டு. அதில் வெற்றிலை, பாக்கு, பூ, ஒரு தேங்காய். காளாஞ்சி என்று பெயர். அம்மன் கோயில் சடங்கு முடியும் நாளில், தாய்வழி வரும் வம்சமான ஒவ்வொரு குடியின் பெயரையும் அதன் சார்பாக நிற்பவர் பெயரையும் முறைப்படி கூப்பிட்டு இந்தத் தட்டைக் கொடுப்பார்கள். மூன்று தரம் கூப்பிடுவார்கள். ஆள் வராவிட்டால் அடுத்த குடிக்குப் போய்விடும். கூப்பிடும் உரிமை பூபாலபிள்ளையின் குடிக்கு உரியது. தாய்மாமனிடமிருந்து அவருக்கு வந்தது. அவருக்குப் பின் தங்கையின் மகனுக்குப் போகவேண்டியது.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னர் சீனித்தம்பியார் தன் குடிக்காக முதன்முறை நின்றார். அந்த முறைக்காக அவர் காத்திருந்தது பதினெட்டு வருடம். தட்டோ வரவில்லை. அடுத்த குடிக்காரர் அதை வாங்கிக்கொண்டு படியிறங்கியபோது சீனித்தம்பியார் வேர்த்து விறுவிறுத்துக் கோயில் வாசலில் நின்றார்.

"எங்க போன நீ?" என்று குடிக்காரர் சூழ்ந்துகொண்டார்கள்.

"எங்கயும் போகல்ல. என்னக் கூப்பிடல்ல. வேணுமெண்டு விட்டுட்டான்."

அந்தக் கணத்தில் பிறந்தது கோபம். சடங்கில் ஒலிபெருக்கி இடையிடையே கீச்சிட்டதால், கூப்பிட்டது கேட்டது என்றவர்களும் கேட்கவில்லை என்றவர்களும் சரிபாதியாகப் பிரிந்தார்கள். பூபாலபிள்ளை அம்மன் மேல் சத்தியம் செய்து பார்த்தார். பிறகு ஒலிவாங்கியைக் கோயில் மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். அதன்பின் அவர் அதைத் தொடவில்லை. நிருவாகசபை நியமித்த பொடியன் குடிகளின் பெயரைக் கைப்பேசியில் பார்த்து வாசித்ததில் ஒரே ஆண்டில் மூன்று குடிகள் விடுபட்டன.

கோபத்தின் கதையும் வருடத்துக்கு வருடம் நன்றாக வளர்ந்தது. முதல் ஆண்டு, "கூப்பிடல்ல." மூன்றாம் ஆண்டு, "கூப்பிடாம என்னப் பார்த்துச் சிரிச்சான்." ஏழாம் ஆண்டு பூபாலபிள்ளை தன் கையாலேயே ஒலிவாங்கியை அணைத்துவிட்டார். ஒரு பொய்க்கு இவ்வளவு உரமும் தண்ணீரும் வயல்வெளியான வட்டையில் எந்த வயலுக்கும் கிடைத்ததில்லை.

பொய் என்று எழுதிவிட்டேன். அவசரப்பட்டுவிட்டேன், அதற்கு இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

இந்த ஆண்டு வைகாசிச் சடங்குக்கு முன்னர் கோயிலில் ஒரு கூட்டம் வைக்கத் தீர்மானித்தார்கள். பூபாலபிள்ளையின் தங்கை மகன் சதீசன், பள்ளிக்கூட வாத்தியார், முப்பத்திரண்டு வயது, கூப்பிடும் உரிமையைத் தனக்குத் தரும்படி கேட்டிருந்தான். குடிகளின் பெயர் முழுவதும் அவனுக்கு மனப்பாடம். ஆனால் மாமன் ஒரு குடியை வேண்டுமென்று விட்டவர் என்ற முறைப்பாடு இருக்கிறதே. அது நிலைத்தால் உரிமை பூபாலபிள்ளையின் குடியை விட்டே போய்விடும், இனித் திரும்பாது. ஞாயிற்றுக்கிழமை தீர்ப்பு.

சீனித்தம்பியாருக்கு இது வெற்றி. ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். வெற்றி நெருங்க நெருங்க அவருடைய பிரஷர் மட்டும் ஏறியது.

"வெல்லப்போற மனிசனுக்கு என்னத்துக்குக் கை நடுங்குது?" என்றாள் மனைவி புஸ்பம்.

"மோட்டார் பிடிச்ச கை."

"ஒம்பது வருசமா மோட்டாரா பிடிச்சிக்கொண்டிருந்தீங்க?"

கிளினிக்கில் மருந்தைக் கூட்டிக் கொடுத்துவிட்டு, பிரதேச செயலகத்தில் இருக்கும், மன ஆலோசனை சொல்லும் உளவளத்துணை உத்தியோகத்தரையும் ஒருதரம் பார்க்கச் சொன்னார்கள். அவர் பிரஷாந்தி. சீனித்தம்பியாரின் மகள் வயது. தட்டின் கதையைத் தொடக்கம் முதல் ஒலிவாங்கி அணைந்தது வரை முழுவதும் கேட்டார்.

"இந்தக் கதைய ஒரு நாளைக்கு எத்தின தரம் சொல்லுவீங்க ஐயா?"

"எண்ணினதில்ல மகள்."

"எண்ணிப் பாருங்க. சொல்ல வாய் வரக்குள்ள ஒரு மூச்சு ஆற இழுத்து விட்டுட்டு, சொல்லோணுமா எண்டு யோசிங்க. கோவத்த விடுறதெண்டா மத்தவர் செய்தது சரியெண்டு சொல்றதில்ல. திரும்பத் திரும்பக் கொதிக்க வைக்காம அடுப்பால இறக்கி வைக்கிறது."

அவர் எண்ணினார். திங்கட்கிழமை பதினான்கு தரம்; அதில் இரண்டு, அறிமுகமே இல்லாத ஐஸ்பழ வியாபாரியிடம். செவ்வாய்க்கிழமை மூச்சு இழுத்து விட்டதில் ஒன்பதாகக் குறைந்தது. அடுத்த முறை போனபோது பிரஷாந்தி ஒரு கொப்பியைக் கொடுத்தார்.

"அண்டைக்கு நடந்தத எழுதுங்க. ஒருத்தருக்கும் காட்டவேணாம். அவர் செய்தத ஒரு பக்கம், நீங்க செய்தத ஒரு பக்கம்."

புதன்கிழமை மத்தியானம் பாதை கரையில் கட்டியிருந்தபோது சீனித்தம்பியார் எழுத உட்கார்ந்தார். 'அவர் செய்தது' என்ற பக்கத்தில் 'என்னைக் கூப்பிடவில்லை' என்று எழுதி, கீழே கோடும் இழுத்தார். மற்றப் பக்கத்தில் 'நான் எங்கேயும் போகவில்லை' என்று எழுதத் தொடங்கியவருக்கு பேனை நகரவில்லை. பொய்யை ஊருக்குச் சொல்ல அவருக்கு ஒரு கஷ்டமும் இருந்ததில்லை. ஒருத்தரும் பார்க்காத கொப்பியில் எழுத மட்டும் கை வரவில்லை.

நடந்தது இதுதான். படம் பிடிக்கிறவன் வந்திருந்தான். பட்டுக்கரைச் சால்வையை வீட்டுக் கொடியில் மறந்துவிட்டு வந்ததைச் சீனித்தம்பியார் அப்போதுதான் கண்டார். பதினெட்டு வருடம் காத்திருந்து, வெறுந்தோளோடு படத்தில் விழுவதா? எடுத்துவர ஓடினார். சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல் படலையைத் தாண்டும்போது தென்னைமரத்து ஒலிபெருக்கியில் அவருடைய குடியின் பெயர் கேட்டது. பிறகு அவருடைய பெயர். கீச்சிடல் ஒன்றுமில்லை, மணி போல. ஓடினார். இரண்டாம் தரம் சந்தியில் கேட்டது. மூன்றாம் தரம் பூபாலபிள்ளை வழக்கத்தை விட நீட்டிக் கூப்பிட்டார், சிநேகிதன் எங்கேயோ நிற்கிறான், வந்துவிடட்டும் என்பது போல. அந்த நீட்டலும் அவருக்குக் கேட்டது.

கொப்பியின் இரண்டாவது பக்கம் நிறைந்து மூன்றாவதுக்கும் போனது. முதல் பக்கத்தில் எழுதியதை அழித்ததில் கோடு மட்டும் மிஞ்சியது.

அன்று பின்னேரமே பிரஷாந்தியிடம் ஓடினார். கொப்பியைக் காட்டவில்லை. ஆனால் அற்புதமான ஒரு திட்டம் வைத்திருந்தார்.

"மகள், நான் பெரிய மனசு பண்ணி அவர மன்னிச்சிடலாமெண்டு யோசிக்கிறன். கூட்டத்தில எழும்பிச் சொல்லட்டா?"

"நல்லம் ஐயா. என்னத்த மன்னிக்கிறீங்க?"

சீனித்தம்பியார் மேசையில் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்தார். அதை இரண்டு தரம் சுற்றினார்.

"ஒரு தண்ணி தாறீங்களா?" என்றார்.

வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் அவர் மலிவான பரிகாரங்களை முயன்று பார்த்தார். புஸ்பத்திடம் நல்ல வாவி மீன் நாலு கொடுத்து நாலாவது வீட்டுக்கு அனுப்பினார். மீன் அப்படியே திரும்பி வந்தது. பூபாலபிள்ளை வழக்கமாக நிற்கும் பலகையைக் கழுவித் துடைத்தார். அதில் ஸாஹிரின் துணிமூட்டை ஏறி உட்கார்ந்தது. அம்மனுக்கு ஒரு தேங்காய் உடைத்தார். தேங்காய் நன்றாகத்தான் இருந்தது. மனப்பாரம் மட்டும் இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் ஆண்களும் பெண்களுமாக அறுபது பேர். சதீசன் சுவரோரமாகக் கைகட்டி நின்றான். பூபாலபிள்ளை கடைசி வரிசையில், வெளியேற வசதியான இடத்தில் இருந்தார். நிருவாகசபைத் தலைவர் தொண்டையைச் செருமினார்.

"சீனித்தம்பியண்ணன், பழசெல்லாம் கிடக்கட்டும். ஏதோ அவருக்கு ஒரு பிழை வந்திட்டு. நீங்க மன்னிச்சிட்டன் எண்டு ஒரு சொல்லுச் சொன்னா பொடியனுக்கு உரிமையக் குடுத்திடலாம். ஒங்கட பேரும் நிக்கும்."

சபையில் தலைகள் ஆடின. அவருடைய திட்டத்தை அவர் கேட்காமலே தட்டில் வைத்து நீட்டுகிறார்கள். சதீசனுக்கு உரிமை, ஊருக்குச் சமாதானம், சீனித்தம்பியாருக்குப் பெருந்தன்மை. ஒருத்தருக்கு மட்டும் பிழை. அவர் கடைசி வரிசையில் தலையைக் குனிந்து கால்விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பது ஆண்டுப் பழிக்கு மேல் இனி மன்னிப்பையும் சுமக்கவேண்டும்.

சீனித்தம்பியார் எழும்பினார். ஒரு மூச்சு ஆற இழுத்து விட்டார்.

"மன்னிக்க ஒண்டுமில்ல," என்றார். "அவன் கூப்பிட்டவன். நான் சால்வையெடுக்க வீட்ட போன. மூண்டு தரமும் எனக்குக் கேட்டது."

அவருடைய குடிக்காரர் ஒருவர் பின்னாலிருந்து கேட்டார்: "அப்ப மைக்க நிப்பாட்டினது?"

"அதும் பொய்."

"சிரிச்சது?"

"அதும்."

அவர் கடைசி வரிசையைப் பார்த்துத் திரும்பினார். "மச்சான், என்ட பிழை," என்றார்.

பூபாலபிள்ளை எழும்பி வேட்டியைத் தட்டினார். "ஒம்பது வருசம்," என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வெளியே போனார்.

உரிமை சதீசனுக்கு வந்தது. சீனித்தம்பியாரின் குடிக்காரர்கள் இந்த முறை தட்டு வாங்க வேறு ஆளை நிறுத்தினார்கள். அவருடைய பிரஷர் கொஞ்சம் இறங்கியது. நெஞ்சுக்குள் கிடந்தது அவ்வளவு விரைவில் இறங்கவில்லை. பிரஷாந்தியிடம் போய், எப்போது அவன் மன்னிப்பான் என்று கேட்டார். "அது அவர்ட வேலை ஐயா," என்றார் பிரஷாந்தி. "ஒங்கட வேலை வேற."

கூட்டத்துக்கு மறுநாள், திங்கட்கிழமை காலை, பூபாலபிள்ளை சைக்கிளை உருட்டிக்கொண்டு பாதையில் ஏறினார். கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சீனித்தம்பியார் அவருடைய முகத்தைப் பார்த்துச் சொன்னார்:

"வா மச்சான். வட்டைக்குத் தண்ணி வந்திட்டா?"

பதிலில்லை. பூபாலபிள்ளை தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னேரம் திரும்பும்போது சீனித்தம்பியார், "வெயிலுக்குள்ள நிண்டு களைச்சிட்ட, இஞ்சால நிழலுக்கு வா," என்றார். பூபாலபிள்ளை சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வெயிலிலேயே நின்றார். செவ்வாய்க்கிழமை தங்கையின் சுகம் கேட்டார். புதன்கிழமை உரத்தின் விலை.

இது நடந்து மூன்று வாரமாகிறது. வாவி நிறையத் தண்ணீர் கிடக்கிறது. இன்று காலையும் பாதை நடுவுக்கு வந்தபோது சீனித்தம்பியார் மோட்டாரின் சத்தத்தைக் குறைத்து, "மச்சான், பயிர் பச்சை பிடிச்சிட்டா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, பதில் வருவதற்குப் போதுமான நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மோட்டாரைக் கூட்டிக் கரையை நோக்கி ஓட்டினார்.