விவசாயப் புத்தகங்களுக்குப் பின்னால்

பழங்காநத்தம் நூலகத்தில் அவர் எப்போதும் மின்விசிறிக் காற்று வராத மூலையில்தான் உட்காருவார். அங்கே வேறு யாரும் வருவதில்லை. நெற்றி நிறையத் திருநீறு, தோளில் புரளும் நரைத்த முடி. கையில் இருப்பதோ, கடவுள் இல்லை என்று வாதாடும் தடித்த புத்தகம். போகும்போது அதை எடுத்த இடத்தில் வைக்கமாட்டார். விவசாயப் புத்தகங்களுக்குப் பின்னால் செருகிவிடுவார்.

ஒருநாள் நான் அதைப் பார்த்துவிட்டேன். அவரும் என்னைப் பார்த்துவிட்டார்.

“வேற யாராச்சும் எடுத்துட்டுப் போயிட்டா நான் வாசிக்க முடியாதுல்ல தம்பி” என்றார்.

“நீங்களே வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாமேண்ணே?”

“நான் கீழக்குயில்குடிப் பக்கம் சாமியாடி குறி சொல்றவன். இதை என் கையில பாத்தா ஊர்ல என்ன நினைப்பாக?”

குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“மழை எப்ப வரும், மகளுக்கு எப்ப கல்யாணம் கூடும்னு அம்புட்டுப் பேரும் என்கிட்டதான் கேக்குறாக. எனக்கு ஒரு சந்தேகம் வந்தா நான் யார்ட்ட போயிக் கேக்குறது?”

கேட்டுவிட்டு, புத்தகத்தை மறுபடி விவசாயப் புத்தகங்களுக்குப் பின்னால் செருகினார்.

அவர் ஊர்த் திருவிழாவுக்குப் பிறகு நூலகத்துக்கு வரவில்லை. அந்த வருடம் ஆடினாரா, மாட்டேன் என்று சொல்லிவிட்டாரா, தெரியாது. போன வாரம் விவசாயப் புத்தகங்களுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினேன். புத்தகம் இல்லை. நூலகர் கண்டெடுத்து அதன் இடத்திலேயே வைத்திருக்கலாம். அவரே துணிந்து வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கலாம். அந்தப் புத்தகத்துக்குரிய அலமாரியைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பார்க்காமலே வந்துவிட்டேன்.