முன்னே போன நீலக் குடம்

ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் தெருக்குழாயில் நாலு மணிக்குத்தான் தண்ணீர் வரும். மதியச் சாப்பாடு முடிந்ததுமே குடங்களை வரிசையில் வைத்துவிடுவார்கள். ஆள் நிற்க வேண்டாம், குடம் நின்றால் போதும். வாய்ச்சண்டையில் ஏழு தலைமுறையை இழுப்பவர்கள்கூட அடுத்தவள் குடத்தைத் தொடமாட்டார்கள்.

எனக்கு ஒன்பது வயது, கை சும்மா இருக்குமா? கோடை விடுமுறையில் ஒரு மதியம், எல்லோரும் கதவைச் சாத்திப் படுத்திருந்தபோது, கடைசியில் இருந்த நீலக் குடத்தைத் தூக்கி முதலில் வைத்தேன். மறுநாளும் வைத்தேன். என்ன கூத்து நடக்கும் என்று பார்க்க ஆசை, அவ்வளவுதான்.

நீலக் குடம் கடைசி வீட்டு அக்காவுடையது. கல்யாணமாகி மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவர், நாலு மாதக் கர்ப்பிணி. நான் பாதி நாள் அவர் வீட்டில்தான் கிடப்பேன். அவர் சுட்ட முறுக்கில் பாதி என் வயிற்றுக்குள்தான் போனது.

மூன்றாம் நாள், குடத்தை நகர்த்துவது யாரென்று பிடிக்க ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு முகம். பயந்து நான் குடத்தின் பக்கமே போகவில்லை. அதுவே அக்காவுக்கு வினையானது.

"பாத்தியா, நாம காவ காக்குறோம்னு தெரிஞ்சிகினு இன்னிக்கு கம்முனு கீறா," என்றாள் எதிர்வீட்டுக்காரி.

"சத்தியமா நான் தொடலக்கா," என்றார் அக்கா.

"அப்போ குடத்துக்குக் கால் மொளச்சி நடந்து வந்துச்சா?" கேட்டது என் அம்மாதான்.

அன்றிலிருந்து அக்கா குடத்துக்கு வரிசையில் இடமில்லை. எல்லோரும் பிடித்து முடித்த பிறகு அவருக்குக் கலங்கல் அரைக்குடம் கிடைக்கும். மீதிக்கு அந்த வயிற்றோடு கேட்டைத் தாண்டி அடிபம்புக்கு நடந்தார். அதைப் பார்த்த அன்றே அம்மாவிடம் போய், "நான்தாம்மா கொடத்த மாத்தி வெச்சேன்," என்றேன்.

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. அம்மா என் முகத்தையே பார்த்தாள்.

"இப்டி சொல்லச் சொல்லி எத்தினி முறுக்கு குடுத்தா?"

"இல்லம்மா, நெஜமா."

"நெஜமா? பச்சப் புள்ளைக்குப் பொய் சொல்லக் கத்துக் குடுத்துட்டா பாரு."

மறுநாள் குழாயடியில் இதுதான் பேச்சு. குடத்தை நகர்த்திய பழியோடு, குழந்தையைக் கெடுத்த பழியும் சேர்ந்துகொண்டது. நான் அழுதுகொண்டே கடைசி வீட்டுக்கு ஓடினேன். அக்கா கம்பிக் கதவைத் திறக்கவில்லை.

"நீதான்னு நான் நம்புறேன். ஆனா இனிமே இங்க வராத, தாயி. நீ வந்தா அதுக்கும் ஒண்ணு சொல்லுவாங்க."

பிரசவத்துக்கு ஊருக்குப் போனவர் அந்த வீட்டுக்குத் திரும்பி வரவே இல்லை. இன்றும் நாலு பேர் சேர்ந்து ஒருத்தியைத் திருடி என்றால், நான் அவளைப் பார்ப்பதில்லை. பக்கத்தில் பேசாமல் நிற்பது யாரென்றுதான் தேடுவேன். அன்று குழாயடியில், அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, நான் அப்படித்தான் நின்றிருந்தேன்.